பனமலைக்கு யாரும் கேட்காத வழி

ஐம்பதைத் தாண்டிவிட்ட என் பள்ளித் தோழர்களே, தோழியரே,

குழுவில் நேற்று நீங்கள் போட்ட அறிவிப்பைப் படித்தேன். விடியற்காலையில் செஞ்சியிலிருந்து கிளம்பி, காட்டு வழியாகவும் கிராமங்கள் வழியாகவும் கூட்டமாகச் சைக்கிள் மிதித்து, பனமலை ஏரிக்கரையில் போய் இட்லி சாப்பிடப் போகிறீர்களாம். உடம்போடு ஒட்டிக்கொள்ளும் பச்சைச் சட்டை எல்லோருக்கும் ஒரே மாதிரி தைக்கிறீர்களாம், அளவு கேட்டிருக்கிறீர்கள். என் அளவு என் டாக்டருக்கே சொல்லப்படாத ரகசியம். தவிர, நான் வரவில்லை. "உனக்குத்தான் சின்ன வயசுலயே சைக்கிள் நல்லா வருமே?" என்று ஒருவர் ஆச்சரியப்பட்டிருக்கிறார். வரும். அதனால்தான் மாட்டினேன். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் இதே காடு, இதே கிராமங்கள், இதே பனமலை. 'வழியில் மக்களோடு உரையாடி மகிழலாம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிறு தண்ணீரால் ஊதியதுபோல ஆகிவிட்டது. காரணத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு சட்டை தையுங்கள்.

எங்கள் வீட்டில் அப்போது அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் பெரியப்பா; தாலுகா ஆபீசில் வேலை; மனைவி இல்லை, பிள்ளை இல்லை. நடுவில் என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கடைசி, சித்தப்பா. மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் சித்தப்பாதான் போய்ப் பார்ப்பார். அவர் சட்டையில் எப்போதும் வார்னிஷ் மணக்கும். சோப்புப் போட்டால் சோப்பும் வார்னிஷும் மணக்கும்.

பனமலையில் ஒரு கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போன இடத்தில் கரண்ட் அடித்து, சித்தப்பா மல்லாக்க விழுந்திருக்கிறார். அந்த வீட்டுப் பெண் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்புறம் மோர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த மோட்டார் மாதம் ஒருமுறை கெட்டது. நல்ல கம்பெனி மோட்டார். அது ஏன் அத்தனை தரம் கெட்டது என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் பெரியவர்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் விசேஷம்.

முறைப்படி பேச்சு எடுத்தார்கள். ஏரிக்கரைக் குன்றின் மேலிருக்கும் கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. முதல் தடவை கிளம்பும்போது பூனை குறுக்கே போனது, பயணம் ரத்து. இரண்டாம் தடவை வாசல் தாண்டும்போது யாரோ தும்மினார்கள், ரத்து. தும்மியது பெரியப்பாவே. இரண்டு தடவையும் பெண் வீட்டார் பட்டுப்புடவையும் பூவுமாகக் கோயில் படியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை உச்சி பூஜைக்குள் வந்தால் சரி, இல்லாவிட்டால் திண்டிவனத்துக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடுவோம். அன்றிலிருந்து சித்தப்பா சோற்றைப் பிசைவார், சாப்பிட மாட்டார்.

பெரியப்பாவின் சாஸ்திரங்களிலேயே தலையானது ஒன்று உண்டு. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து "எங்க போற?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. உங்கள் வீடுகளிலும் இருந்ததுதான், உங்கள் அம்மாக்களும் அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு "தூரமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டிருப்பார்கள். யாராவது கேட்டுத் தொலைத்தால், திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். வீடு தூரத்தில் இருந்தால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து குடிக்கலாம் என்பது பெரியப்பா கொண்டுவந்த சட்டத் திருத்தம்.

பனமலைக்குப் பக்கத்தில் போய் இறங்க பஸ் உண்டு. "பஸ்ல போய்டலாம்ண்ணா, ஒன்பது மணிக்கெல்லாம் அங்க இருப்போம்" என்று சித்தப்பா கெஞ்சினார்.

"பஸ்ல ஏறுன ஒடனே கண்டக்டர் இன்னா கேப்பான்?" என்றார் பெரியப்பா.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே சம்பளம் வாங்குகிற ஒருவரைத் தேடிப் போய் ஏறுவதா? ஆகவே சைக்கிள். அண்ணன் தம்பி மூவர் மட்டும் போனால் மூன்று பேராகிவிடும், அதுவும் ஆகாது. அம்மாவுக்குச் சைக்கிள் வராது. எனக்கு அந்த மாதம்தான் வந்திருந்தது. ஆக, மாப்பிள்ளை வீட்டின் சார்பில் கலந்துகொண்ட ஒரே பெண், பத்து வயது நான்.

சித்தப்பாவிடம் டைனமோ வைத்த சொந்த வண்டி இருந்தது. மற்றவர்களுக்கு வாடகை வண்டி. விடிந்தும் விடியாமலும் பஜாரில் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"வாங்க சார், வாங்க! மூணு வண்டியா? குடும்பத்தோட எங்க போறீங்க?"

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

"இன்னா அதுக்குள்ள வந்துட்டீங்க? பொண்ணு புடிக்கலயா?" என்றாள் அம்மா.

"இன்னும் சைக்கிளே பாக்கல" என்றார் நைனா. அன்றைய பத்து வார்த்தையில் மூன்று போயிற்று.

உட்கார்ந்தோம், குடித்தோம், எழுந்தோம். இந்தத் தடவை அம்மா முன்னால் ஓடிப் போய்க் கடைக்காரரை எச்சரித்துவிட்டு வந்தாள். அவர் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு வண்டியாகத் தள்ளிக் கொடுத்தார். எனக்கு ஓர் அரை சைக்கிள். சீட்டு கிழிந்து தேங்காய் நார் எட்டிப் பார்த்தது. பாவாடை செயினில் மாட்டாமல் இருக்க அம்மா அதைத் தூக்கி இடுப்பில் முடிச்சுப் போட்டுவிட்டாள். பெண் பார்க்கப் போகிற கோலம்!

பெரியப்பா தோளில் பட்டாளத்துத் தண்ணீர் கேன் ஒன்று தொங்கியது. பச்சைத் துணி போர்த்தி, சங்கிலியில் மூடி ஆடும். அதில் தண்ணீர் குடித்தால் தகரத்தை நக்கியது போலிருக்கும். அது இப்போது யாரிடம் இருக்கிறதோ தெரியவில்லை. இருப்பவர் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

"ரோட்டு வழி வேணாம். ஆளுங்க இருப்பாங்க. காட்டு வழியா சுத்திப் போயிடலாம்" என்றார் பெரியப்பா.

"காட்ல பாம்பு இருக்கும்ண்ணா."

"பாம்பு கேக்காது இல்ல?"

மூத்தவரை முந்தக் கூடாது என்பதால் பெரியப்பா முன்னால். அவர் சைக்கிள் ஓட்டுவது, நிறைகுடத்தைத் தலையில் வைத்து நடப்பது போல இருக்கும். பின்னால் மூன்று பேரும் பிரேக்கைப் பிடித்தபடி ஊர்ந்தோம். மலையடிவாரத்துப் பாறைகள் முந்தின நாள் வெயில் சூட்டையே இன்னும் விடவில்லை. பக்கத்தில் போனால் அடுப்படி போல அனல் தட்டியது. டயருக்கடியில் சருகு நொறுங்கியது. சீத்தாச்செடியின் பச்சை வாடை. காரைமுள் கையைக் கிழித்தது. நீங்கள் ரசிக்கப் போகிற இயற்கை இதுதான். நான் பெரியப்பாவின் முதுகை மட்டும் ரசித்தேன்.

அரை மணி நேரம் ஒரு ஈ காக்கை இல்லை. சித்தப்பா மெல்ல விசிலடிக்கக்கூட ஆரம்பித்தார். அப்போது ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து ஆட்டுச் சத்தம், அதற்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாள்.

"யாருப்பா அது? இந்தப் பக்கம் எங்க போறீங்க?"

இறங்கினோம். உட்கார்ந்தோம். கேன் கைமாறியது. நாலு பேரும் பேசாமல் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்து அந்த அம்மாள் பதறிப் போய்க் கிட்டே வந்தார்.

"அய்யய்யோ, இன்னாச்சு? மயக்கமா? ஆஸ்பத்திரிக்கா போறீங்க? எந்த ஆஸ்பத்திரிக்குப் போறீங்க?"

எழுந்து நின்ற பெரியப்பா மறுபடி உட்கார்ந்தார்.

காடு முடிந்து கிராமங்கள் வந்ததும் பேய் பிடித்தது போலாகிவிட்டது. நம் பக்கத்து ஜனங்களுக்கு அந்நியனைக் கண்டால் வணக்கம் சொல்லத் தெரியாது, கேள்விதான் வரும். டீக்கடையில் கேட்டார்கள். மாடு ஓட்டிக்கொண்டு போனவர் கேட்டார். இடுப்பில் துணியில்லாத ஒரு குழந்தை கேட்டது. குழந்தை கேட்பது கணக்கில் சேருமா என்று சித்தப்பா வாதாடிப் பார்த்தார். சேரும் என்று தீர்ப்பாயிற்று. மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து, கோரஸாகக் கேட்டார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு தடவை உட்கார்ந்தால் போதும் என்று பெரியப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். குடித்த தண்ணீருக்கு வேறொரு விளைவும் உண்டல்லவா, அதற்காக வேறு நான் தனியாக இறங்க வேண்டியிருந்தது.

ஒரு புளியமரத்தடி நிறுத்தத்தில் சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் செயின் கிரீஸ் அப்பியிருந்தது.

"பாப்பா, மணி பத்தரை ஆயிடுச்சு."

"வேற பொண்ணு கெடைக்காதா சித்தப்பா?" எனக்குச் சலித்துவிட்டது.

"கெடைக்கும்" என்றார். பிறகு ஒரு புளியங்கொட்டையைத் தேய்த்துக்கொண்டே, "அது சிரிச்சுது பாரு, அந்த மாதிரி யாருமே என்னப் பாத்து சிரிச்சதில்ல" என்றார். கரண்ட் அடித்து விழுந்தவனைப் பார்த்துச் சிரித்தவளை ஏன் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஊரில் கேன் காலி. யாரோ கேட்டுவிட்டார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லை. குடிக்காமல் கிளம்ப முடியாது. பெரியப்பா ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். அந்த வீட்டுப் பெண்மணி ஒரு சொம்பு நிறைய மண்பானைத் தண்ணீர் கொண்டுவந்தார். நாங்கள் சுற்றிக் குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு கேட்டார்:

"நல்ல வெயில்ல வந்துருக்கீங்களே, எங்க போறீங்க?"

பெரியப்பா உட்கார்ந்தார். "இன்னொரு சொம்பு தண்ணி குடும்மா."

அவர் கொண்டுவந்தார். குடித்தோம். "சொல்லவே இல்லயே, எங்கதான் போறீங்க?"

இது எங்கே முடியும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அந்த வாசலிலேயே குடித்துக் குடித்து, அவர் கேட்டுக் கேட்டு, நான் அங்கேயே வளர்ந்து கல்யாணமாகிப் போக வேண்டியதுதான்.

சித்தப்பா எழுந்தார். "பொண்ணு பாக்கப் போறோம்மா. பனமலைக்கு. பன்னண்டு மணிக்குள்ள போவணும்."

"ஐயோ, அப்ப ஏன் ஒக்காந்துருக்கீங்க? கெளம்பு ராசா!"

"டேய், ஒக்காருடா" என்றார் பெரியப்பா.

சித்தப்பா உட்காரவில்லை. ஸ்டாண்டைத் தட்டினார், ஏறினார், மிதித்தார். எங்கள் வீட்டில் பெரியப்பாவை ஒருவர் முந்தியது அதுதான் முதல் தடவை. பெரியப்பாவின் முகம் கோபமாக இருக்கும் என்று பார்த்தேன். பயந்திருந்தது. வயசாளிக்கு என்ன பயம் என்று அதற்கும் எரிச்சல்பட்டேன்.

நைனா என் சைக்கிளை நிமிர்த்திக் கையில் கொடுத்தார். "ஒத்தையா போகக் கூடாது. நீயும் போ பாப்பா." சொல்லிவிட்டு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொம்பை வாங்கிக்கொண்டார்.

நான் மிதித்த மிதி இருக்கிறதே, அதை உங்கள் பச்சைச் சட்டை ஒருநாளும் காணாது. நாங்கள் பனமலைக் குன்றடியில் போய் விழுந்தபோது ஏரியில் நடுவில் கொஞ்சம் தண்ணீர் தகதகத்தது. மேலே கோயில் நடை சாத்தியாகிவிட்டது. பெண் வீட்டார் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வாப்பா மோட்டாரு. பேசறதுக்குப் பெரியவங்க யாரு வந்துருக்கீங்க?"

சித்தப்பா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். புழுதிதான் இருந்தது.

"நான்" என்றேன்.

"நீ யாரும்மா?"

"மாப்பிள வீடு."

"மத்தவங்க?"

"வழியில ஒக்காந்துருக்காங்க. ஒரு அம்மா கேட்டுட்டாங்க."

"இன்னா கேட்டாங்க?"

"எங்க போறீங்கன்னு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒக்காரணும்."

அவர் தன் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? பூன, தும்மல், இப்ப இது. இந்த வூட்ல பொண்ணக் குடுத்தா, தீபாவளிக்கு அழச்சா பொங்கலுக்குத்தான் வந்து சேருவாங்க."

அந்தப் பெண் இடுப்பில் முடிச்சுப் போட்ட என் பாவாடையையும், முள் கிழித்த என் கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்த தலை என்று எதுவும் இல்லை.

"மோட்டாருக்கு வரச் சொன்னா, சொன்ன அன்னிக்கே வந்துடுவாருப்பா" என்றாள். "கெடாத அன்னிக்குக்கூட வந்துருக்காரு."

சித்தப்பாவின் காது இரண்டும் சிவந்து போயின. பெண்ணின் அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை ரிப்பேர், எத்தனை செம்புக் கம்பி என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"சரி, இருக்கறேன்" என்றார். "ஆனா ஒங்க அண்ணன் வாயால ஒரு வார்த்த வரணும். இல்லன்னா சாயந்தரமே திண்டிவனத்துக்கு ஆள் போவும்."

பெரியப்பா வந்து சேர்ந்தபோது எமகண்டம் தொடங்கிவிட்டிருந்தது. ஆகவே பேச மாட்டார். வேப்பமரத்தடியில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அம்மா எனக்குத் தயிர்சோறு போட்டார். ஒரு வழியாக நேரம் முடிந்து, பெரியப்பா தொண்டையைச் செருமினார். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு வேணாம்ங்க. சகுனம் சரியில்ல. நல்ல நாளாப் பாத்து இன்னொரு தடவ வரோம்."

பெண்ணின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ண்ணா, வேணாம்ண்ணா" என்றார் சித்தப்பா.

அப்போது பேசியது நைனா. ஒரு மாதத்து வார்த்தைகளைச் சேர்த்துச் செலவழித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அண்ணியப் பொண்ணு பாக்கப் போனப்ப வழியில ஒருத்தன் கேட்டான். நாங்க சிரிச்சிட்டே போய்ட்டோம். அடுத்த வருசம் பிரசவத்துல அண்ணி போய்ட்டாங்க, கொழந்தையும் இல்ல. ஒங்க பொண்ணு நல்லா இருக்கணும்னுதான் அவரு ஒக்காந்து ஒக்காந்து வராரு."

நான் டயரிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் தயிர்சோறு கிடைக்குமா என்பதே என் கவலை. இன்று நினைத்தால் வேறு எரிச்சல் வருகிறது. இதை விடிகாலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நைனாவைத் தவிர வீட்டுக்குள் இருந்த அத்தனை பேரும் பெரியப்பாவைச் சாஸ்திரப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். துக்கத்தைச் சொல்வதைவிடக் காடு வழியாகச் சுற்றிப் போவது இந்த ஆண்களுக்குச் சுலபம்.

அந்தப் பெண் நாலடி முன்னால் வந்தாள். "மாமா" என்று பெரியப்பாவைக் கூப்பிட்டாள். பெண் பார்த்தே முடியவில்லை, அதற்குள் மாமா.

"மாமா, நீங்க கெளம்பினாதான கேக்குறாங்க? நீங்க கெளம்பாதீங்க, வூட்லயே இருங்க. நாளைக்கு நாங்க வரோம் செஞ்சிக்கு. மாப்பிள வூடு பாக்கணும் இல்ல? எங்கள எத்தினி பேரு கேட்டாலும் சொல்லிட்டே வருவோம். எனக்கு ஒண்ணும் ஆவாது."

"வாய மூடுடி" என்றார் அவள் அப்பா. ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பா யோசித்தார். தனக்குத் தெரிந்த எல்லாச் சட்டத்தையும் புரட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பெண் வீட்டார் கிளம்பி வருவதைத் தடுக்கும் பிரிவு எதுவும் அகப்படவில்லை. அந்தப் பெண்ணை அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் வந்தார்கள். ஆவணியில் கல்யாணம். அடுத்த வருஷம் கோடையில் சித்தி பிரசவத்துக்காகச் செஞ்சி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சித்தப்பா வாசலுக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டிருந்தார். பெரியப்பா மட்டும் பிரசவ அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்காராமல், காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். நான் பக்கத்தில் நின்று அலுத்துப் போயிருந்தேன்.

நர்ஸ் வெளியே வந்தார். "பொம்பளப் புள்ள. பாக்குறீங்களா?"

"புள்ள இருக்கட்டும்மா" என்றார் பெரியப்பா. "அந்தப் பொண்ணு பேசுதா?"

நர்ஸுக்குப் புரியவில்லை. உள்ளேயிருந்து சித்தியின் குரல், களைப்பும் கோபமுமாக வந்தது: "பேசிட்டுதான் இருக்கறேன் மாமா. பசிக்குது, சீக்கிரம் எதனா வாங்கியாரச் சொல்லுங்க."

பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்படியே என்னிடம் குனிந்தார்.

"இன்னொரு தடவ பேசச் சொல்லு பாப்பா."